கையுறைக்குள் ஒரு காயம்

உலகைச் சிரிக்க வைத்தவர்கள் பலர் உண்டு. ஆனால், தம்மை ஊனப்படுத்திய நிழற்படக் கருவியின் முன்னேயே மீண்டும் வந்து நின்று, அதன் வழியாகவே உலகைச் சிரிக்க வைத்தவர் எத்தனை பேர்? அத்தகைய ஒருவரின் வாழ்க்கையை நம் கல்லூரி மலரின் வாயிலாக நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் எடுத்துச் சொல்ல விழைகிறேன். அவர்தாம் ஹரால்ட் லாயிட். சார்லி சாப்ளின், பஸ்டர் கீட்டன் ஆகிய இருவரோடும் சேர்த்து, ஹாலிவுட் ஊமைப்பட நகைச்சுவையின் மூவருள் ஒருவராக மதிக்கப்படுபவர்.

அவர் பெயரை அறியாதவர்கள்கூட அவருடைய ஒரு படத்தை எங்கேனும் கண்டிருப்பார்கள். வானளாவிய கட்டடம் ஒன்றின் முகப்பில் பெரிய கடிகாரம். அதன் முள்ளைப் பற்றிக்கொண்டு, மூக்குக் கண்ணாடி அணிந்த இளைஞர் ஒருவர் அந்தரத்தில் தொங்குகிறார். கீழே நெடுந்தெருவில் மோட்டார் வண்டிகள் எறும்புகள்போல் ஊர்கின்றன. சிரிப்பும் நடுக்கமும் ஒருசேர எழுப்பும் அந்தப் படத்திலிருந்தே என் தேடலும் தொடங்கியது.

ஸ்டில் என்னும் ஆவணம்

திரையுலகில் இத்தகைய படங்களை ஸ்டில் என்பார்கள். இவை திரைப்படச் சுருளிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகள் அல்ல. படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் மற்றொரு கலைஞர் பெரிய நிழற்படக் கருவியோடு காத்திருப்பார். காட்சி முடிந்ததும் நடிகர்கள் அதே நிலையில் அசையாமல் நின்று காட்டுவார்கள். சில வேளைகளில் தனியே நிழற்பட நிலையத்திற்குச் சென்று, படத்தில் இல்லாத வேடிக்கைகளையும் செய்து காட்டுவார்கள். இப்படங்கள் பத்திரிகைகளுக்கும் கொட்டகை முகப்புகளுக்கும் அனுப்பப்படும். லாயிடின் படங்களுக்கு நெடுங்காலம் ஸ்டில் எடுத்தவர் ஜீன் கோர்ன்மன் என்பவர்.

விளம்பரத்திற்காக எடுத்து, விளம்பரம் முடிந்ததும் குப்பைக்குப் போயிருக்க வேண்டியவை இவை. ஆனால் இன்று அமெரிக்கத் திரைப்படக் கலை, அறிவியல் கழகத்தின் மார்கரெட் ஹெரிக் நூலகத்தில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட நிழற்படங்கள் போற்றிக் காக்கப்படுகின்றன. திரைச்சுருள் அழிந்து, ஸ்டில் மட்டுமே சான்றாக எஞ்சிய ஊமைப்படங்கள் எத்தனையோ! வரலாறு பயிலும் எனக்கு இவை கல்வெட்டுக்கு நிகரானவை.

பழைய ஸ்டில்கள் பலவற்றை இப்போது கணினித் திரையிலேயே காண முடிகிறது. லாயிடின் படங்களை நான் ஆண்டு வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். 1919-ஆம் ஆண்டின் நடுப்பகுதிவரை அவருடைய வலக்கை வெறுங்கையாக இருக்கிறது. அதற்குப் பிந்தைய படங்களில் அதே கையில் தோலின் நிறத்தையொத்த கையுறை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் சற்றே விறைத்து நிற்கின்றன. ஏன் இந்த மாற்றம்? விடை காண அவருடைய பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

இளமையும் முயற்சியும்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பர்ச்சர்ட் என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாள் லாயிட் பிறந்தார். தந்தை தொட்ட தொழில் எதுவும் துலங்கவில்லை. குடும்பம் ஊர் ஊராக மாறியது, பெற்றோரும் பிரிந்தனர். விபத்து ஒன்றிற்காகத் தந்தைக்குக் கிடைத்த இழப்பீட்டுத் தொகையோடு இருவரும் கலிபோர்னியாவின் சான் டியாகோ நகருக்குக் குடிபெயர்ந்தனர். எந்த ஊருக்குப் போவது என்பதை நாணயத்தைச் சுண்டிப் பார்த்தே முடிவு செய்தார்கள் என்று சொல்வார்கள்.

நாடக மேடையில் தேர்ந்த லாயிட், திரையுலகில் கூட்டத்தில் ஒருவராக நிற்கும் கூலி நடிகராகவே நுழைந்தார். அங்கே அவரைப் போலவே கூலிக்கு நின்ற ஹால் ரோச் என்பவர் நண்பரானார். ரோச் சொந்தமாகப் படக் கம்பெனி தொடங்கியபோது லாயிட் அதன் நகைச்சுவை நடிகரானார். 1915 முதல் லோன்சம் லூக் என்னும் பாத்திரத்தில் பல குறும்படங்களில் நடித்தார். அது சாப்ளினின் சாயலில் அமைந்த வேடம். சாப்ளினின் கால்சட்டை தொளதொள என்றிருந்தால் லூக்கின் உடை இறுக்கமாக இருக்கும், அவ்வளவே வேறுபாடு. மக்கள் சிரித்தார்கள், காசும் வந்தது. எனினும் பிறர் நிழலில் நிற்பதை லாயிடின் உள்ளம் ஏற்கவில்லை.

1917-இல் அவர் ஒட்டு மீசையைக் களைந்தார்; கோமாளி உடையையும் களைந்தார். சில்லு இல்லாத வட்டக் கண்ணாடிச் சட்டம் ஒன்றை அணிந்துகொண்டார். விளக்கொளி பட்டுப் பளபளக்கக் கூடாது என்பதற்காகவே சில்லு நீக்கப்பட்டது. அந்த ஒரு சட்டத்தால், தெருவில் நாள்தோறும் காணும் சாதாரண இளைஞன் ஒருவன் திரையில் பிறந்தான். கூச்சமுள்ளவன், முன்னேறத் துடிப்பவன், விழுந்தாலும் எழுபவன்! அவனில் மக்கள் தங்களையே கண்டார்கள்.

அந்த ஒரு நொடி

புகழ் பெருகிய வேளையில்தான் அந்தக் கொடுமை நிகழ்ந்தது. 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு நிழற்பட நிலையத்தில் விளம்பர ஸ்டில் எடுக்க லாயிட் சென்றிருந்தார். வெடிகுண்டின் திரியில் எரியும் நெருப்பிலேயே சிகரெட்டைப் பற்றவைப்பதுபோல் ஒரு வேடிக்கைக் காட்சி. கையில் கொடுக்கப்பட்டது புகை மட்டும் வரும் போலிக் குண்டு என்றே எல்லோரும் எண்ணினர். அது உண்மையாகவே வெடித்தது. முகத்தருகே இருந்த குண்டை அவர் சற்றே தாழ்த்திய நொடியில் வெடித்ததால் உயிர் தப்பியது. ஆனால் வலக்கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் போயின. முகம் தீய்ந்தது; கண்கள் இருண்டன. பார்வை மீளுமா என்று மருத்துவர்களே அஞ்சினர்.

அப்போது அவருக்கு வயது 26. உடலை வளைத்தும், ஓடியும், ஏறியும், விழுந்தும் பிழைக்கும் நகைச்சுவை நடிகர் ஒருவருக்கு வலக்கை பாழானால் வாழ்வில் எஞ்சுவது என்ன? இந்தக் கேள்வியோடு அவர் எத்தனை இரவுகளைக் கழித்திருப்பார்!

நற்பேறாகப் பார்வை மெல்லத் திரும்பியது. முகத்தின் புண்களும் ஆறின. இழந்த விரல்களின் இடத்தை நிரப்பும் வகையில் தனிக் கையுறை ஒன்று செய்யப்பட்டது. சில மாதங்களில் அவர் மீண்டும் படப்பிடிப்பிற்கு வந்துவிட்டார். விபத்தால் பாதியில் நின்ற ஹான்டட் ஸ்பூக்ஸ் என்னும் படத்தை முடித்து 1920-இல் வெளியிட்டார். அந்த ஒரே படத்தில் முதலில் எடுத்த காட்சிகளில் வெறுங்கையும், பின்னர் எடுத்தவற்றில் கையுறையும் இருப்பது கூர்ந்து நோக்குவோர்க்குப் புலப்படும்.

கையின் குறையை அவர் ரசிகர்களிடம் விளம்பரப்படுத்தவில்லை. இரக்கத்தைக் காட்டிக் கைத்தட்டல் வாங்க விரும்பவில்லை. இரக்கம் புகுந்த நெஞ்சில் சிரிப்புக்கு இடமேது? அவர் காயத்தை மறைத்ததன் காரணம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

கடிகாரத்தில் தொங்கியவர்

1922-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் தெருவில் பில் ஸ்ட்ரோதர் என்பவர் உயர்ந்த கட்டடம் ஒன்றின் சுவரில் வெறுங்கையால் ஏறுவதை லாயிட் கண்டார். பார்க்கப் பொறுக்காமல் தெருமுனைக்கு அப்பால் போய் நின்றுகொண்டாராம்! அந்த அச்சத்திலிருந்தே சேஃப்டி லாஸ்ட் படத்தின் கதை பிறந்தது. ஸ்ட்ரோதரையே அதில் நண்பராக நடிக்கவும் வைத்தார். பெருங்கடை ஒன்றின் எளிய விற்பனையாளன், கடைக்கு விளம்பரம் தேடித் தருவதற்காகத் தன் நண்பனைச் சுவரில் ஏறச் சொல்கிறான். நண்பனைப் போலீஸ்காரர் துரத்தவே, தானே ஏற நேர்கிறது. 1923-இல் வெளிவந்த இப்படத்தின் ஸ்டில்தான் நான் முதலில் குறிப்பிட்டது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். விளம்பரப் படம் முழு உண்மையைச் சொல்லாது. உண்மையான கட்டடங்களின் மொட்டை மாடிகளில் சுவர்போன்ற செட் அமைத்து, பின்னணியில் தெரு தெரியுமாறு காமிராவை வைத்தே அக்காட்சிகளை எடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாமல் கீழே மெத்தை விரித்த மேடை இருந்தது. தொலைவுக் காட்சிகளில் ஏறியவர் ஸ்ட்ரோதர். வேறு மாற்று ஆட்களும் உதவினார்கள் என்பது லாயிடின் மறைவுக்குப் பின்னரே பரவலாகத் தெரியவந்தது. ஆகவே, அந்த ஸ்டில் காட்டும் ஆழம் மெய்யானதன்று. ஆனால் அது காட்டாமல் மறைத்த ஒன்று மெய்யானது. கடிகார முள்ளைப் பற்றியிருந்த வலக்கையில் இருந்தவை மூன்று விரல்களே! மிகைப்படுத்தவே எடுத்த படம், உண்மையான வீரத்தைச் சொல்லாமல் விட்டது என்னே விந்தை!

செல்வமும் தேய்வும்

அப்படத்தின் கதாநாயகி மில்ட்ரட் டேவிஸை 1923 பிப்ரவரியில் லாயிட் மணந்தார். பின்னர் சொந்தக் கம்பெனி தொடங்கினார். தி ஃபிரெஷ்மன் (1925), தி கிட் பிரதர் (1927), ஸ்பீடி (1928) எனப் படங்கள் தொடர்ந்தன. திரைப்படக் கழகத்தை 1927-இல் தோற்றுவித்த 36 பேருள் அவரும் ஒருவர். பெவர்லி ஹில்ஸில் 44 அறைகள் கொண்ட கிரீனேக்கர்ஸ் மாளிகையை எழுப்பினார்.

பேசும் படம் வந்தது. நாட்டில் பொருளாதார வீழ்ச்சியும் வந்தது. முயன்றால் உயரலாம் என்று நம்பிச் சிரித்த அந்த இளைஞனைக் காண, வேலையிழந்து நின்ற மக்களுக்கு மனமில்லை போலும். லாயிடின் புகழ் மெல்லத் தேய்ந்தது. 1943-இல் மாளிகையின் படக் காப்பறையில் தீப்பற்றிப் பழைய சுருள்கள் பல எரிந்தன. அவற்றைக் காக்கப் போய்ப் புகையில் மயங்கி விழுந்தவரை மனைவி மீட்டார்.

இத்தனைக்குப் பிறகும் அவர் ஒடுங்கிவிடவில்லை. குழந்தைகளுக்குக் கட்டணமின்றி எலும்பு, மூட்டு மருத்துவம் அளித்த ஷிரைனர்ஸ் சங்கத்தின் தலைமைப் பொறுப்பை 1949-இல் ஏற்றார். நடக்க இயலாத குழந்தைகளின் மருத்துவத்திற்காக உழைத்தார். விரல் இழந்தவருக்கன்றோ அந்த வலி புரியும்! 1953-இல் கௌரவ ஆஸ்கார் விருது அவரைத் தேடி வந்தது.

மற்றொன்று என்னைப் பெரிதும் வியக்க வைத்தது. முதுமையில் அவர் விரும்பி மேற்கொண்ட பொழுதுபோக்கு நிழற்படக் கலை! இரண்டு வில்லைகள் கொண்ட கருவியால், முப்பரிமாணமாகத் தோன்றும் படங்களை இலட்சக்கணக்கில் எடுத்துக் குவித்தார். எந்தக் கலைக்காகப் போய் விரல்களைப் பறிகொடுத்தாரோ, அந்தக் கலையையே எஞ்சிய விரல்களால் தழுவிக்கொண்டார். 1971-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள், தம் 77-ஆம் வயதில் காலமானார்.

சேஃப்டி லாஸ்ட் 1994-இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பட்டியலில் இடம்பெற்றது. ஸ்டில்களும் காப்பகங்களில் நிலைத்துவிட்டன. துன்பம் வரும்போது சிரிக்கச் சொன்னார் வள்ளுவர். தாம் சிரித்ததோடு நில்லாமல் பிறரையும் சிரிக்க வைத்தார் லாயிட். தேர்வில் ஒருமுறை தவறினாலே வாழ்வே முடிந்ததென எண்ணும் நம் போன்ற இளைஞர்கள், அந்தக் கடிகாரப் படத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். முகத்தை மட்டும் பார்த்தால் போதாது. முள்ளைப் பற்றிய வலக்கையையும் உற்றுப் பார்க்கட்டும்.