பிரான்ஸெஸ் பெர்க்கின்ஸ் அம்மையார்

ஒரு நாட்டிற்குப் பேரிடர் நேர்ந்தகாலை, அதுகண்டு கண்ணீர் சொரிவோர் பலர். பொருளுதவி புரிவோர் சிலர். அவ்விடர் மீண்டும் வாராவண்ணமும், வரினும் ஏழை மக்கள் நிலைகுலையா வண்ணமும் சட்டமென்னும் வேலி கோலுவோர் மிகச் சிலரே. அவ்வேலியைத் தாம் ஒருவராய்க் கோலாது, கருத்து வேறுபட்ட பலரையும் ஒருங்கு கூட்டிக் கோலுவித்த பெருமை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தொழில் மந்திரியாய் விளங்கிய பிரான்ஸெஸ் பெர்க்கின்ஸ் அம்மையாருக்கு உரியது. அவர்தம் வரலாற்றைச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இளமையும் கல்வியும்

அம்மையார் 1880-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 10-ம் தேதி பாஸ்டன் நகரிற் பிறந்து, வூஸ்டர் நகரில் வளர்ந்தார். தந்தையார் எழுதுபொருள் வாணிகர். பெண்மக்களுக்கென ஏற்பட்ட மவுண்ட் ஹோலியோக் கல்லூரியிற் பயின்று, 1902-ல் பட்டம் பெற்றார். அவர் சிறப்பாகக் கற்றவை இரசாயனமும் பௌதிகமுமே. எனினும், பொருளாதார வரலாறு கற்பித்த ஆசிரியை ஒருவர், அண்மையிலிருந்த ஆலைகளுக்குச் சென்று தொழிலாளர் நிலையை நேரிற் கண்டு எழுதிவருமாறு மாணவியரைப் பணித்தார். ஏட்டிற் கண்டதினும் கண்ணாற் கண்டதே நெஞ்சில் நிலைக்கும் என்னும் உண்மை அன்று அவருள்ளத்திற் பதிந்தது.

பின்னர்ச் சிலகாலம் ஆசிரியத் தொழில் புரிந்து, ஓய்வு நேரங்களிற் சிக்காகோ நகரத்து ஹல் ஹவுஸ் என்னும் இல்லத்தில் ஏழையர்க்கு ஊழியம் செய்தார். 1910-ல் கொலம்பியா சர்வகலாசாலையில் எம்.ஏ. பட்டம் பெற்று, நியூயார்க் நுகர்வோர் சங்கத்தின் காரியதரிசியாக அமர்ந்தார்.

தீயிற் பிறந்த தீர்மானம்

1911-ம் ஆண்டு மார்ச் மாதம் 25-ம் தேதி சனிக்கிழமை மாலை, அம்மையார் நியூயார்க்கில் வாஷிங்டன் சதுக்கத்தருகே ஓர் இல்லத்தில் விருந்தினராய் இருந்தார். தீயணைப்போர் வண்டிகளின் ஒலி கேட்டு வெளியே ஓடினார். டிரையாங்கிள் என்னும் சட்டைத் தொழிற்சாலை, உயர்ந்த மாளிகை ஒன்றின் மேல்மாடிகளில் எரிந்துகொண்டிருந்தது. கதவொன்று பூட்டப்பட்டிருந்தது, ஏணிகள் அம்மாடிகளை எட்டவில்லை. வேறு வழியின்றி இளம்பெண்கள் சாளரங்களினின்று குதித்து மாண்டதை அவர் கண்ணாரக் கண்டார். அன்று மாண்டோர் 146 பேர்.

இக்கொடுமையை ஆராய அமைந்த குழுவின் தலைவர் ராபர்ட் வாக்னர். துணைத்தலைவர் ஆல்பிரட் ஸ்மித். இருவரும் சட்டசபையினர். அம்மையார் அவர்களிடம் அறிக்கை கொடுத்து அமைந்துவிடவில்லை. அவர்களைத் தொழிற்சாலைகளுக்கே அழைத்துச் சென்றார். இரவெல்லாம் உழைத்த பெண்டிர் விடியலில் தளர்ந்து வெளிவருவதைக் காட்டினார். தீவிபத்தில் தப்பும் வழியெனச் சொல்லப்பட்ட சிறு துவாரத்தின் வழியே, பனி உறைந்த ஏணிக்கு வாக்னரையே தவழ்ந்து செல்லச் செய்தார். கண்டவர் மனம் மாறினர். முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் சில ஆண்டுகளுள் நிறைவேறின.

இடையே 1912-ல், பெண்டிர் வேலைநேரத்தை வாரத்திற்கு 54 மணியாகக் குறைக்கும் மசோதா வந்தது. உணவுப்பொருள்களைத் தகரத்தில் அடைக்கும் ஆலைகளில் உழைப்போரை விலக்கினாலன்றி அது நிறைவேறாதென்ற நிலை ஏற்பட்டது. அம்மையார் விலக்கிற்கு இசைந்து, பெரும்பகுதியினர்க்கு நன்மை தேடினார். இச்சிக்கல் அவரைப் பின்னும் தொடர்ந்ததைக் காண்போம்.

மந்திரிப் பதவி

1929-ல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியால், 1933-ல் அந்நாட்டுத் தொழிலாளரில் ஏறத்தாழ நால்வருள் ஒருவர் வேலையின்றி வாடினர். அவ்வாண்டு ஜனாதிபதியான ரூஸ்வெல்ட், அம்மையாரைத் தொழில் மந்திரியாக அழைத்தார். குறைந்தபட்சக் கூலி, குழந்தைத் தொழில் ஒழிப்பு, வேலையின்மை இன்ஷ்யூரன்ஸ், முதியோர் ஓய்வூதியம் முதலியவற்றிற்கு ஆதரவு கிட்டுமாயின் வருவதாக அவர் உரைத்தார். ஜனாதிபதி இசைந்தார். அமெரிக்க மந்திரிசபையில் இடம்பெற்ற முதற் பெண்மணி அவரே.

1934 ஜூன் மாதம் பொருளாதாரப் பாதுகாப்புக் குழு அமைந்தது. தலைவர் அம்மையார், நிதி, நீதி, விவசாய மந்திரிகளும் நிவாரண அதிகாரி ஹாப்கின்ஸும் அங்கத்தினர். எட்வின் விட் என்னும் பேராசிரியர் அலுவலை நடத்தினார். முதலாளிகள், தொழிலாளர், பொதுமக்கள் ஆகியோரின் பிரதிநிதிகள் ஆலோசனை கூறினர். இத்தகைய சட்டம் நீதிமன்றத்தில் நிலைக்குமோ என்ற ஐயம் இருந்தது. ஒரு தேநீர் விருந்தில் ஹார்லன் ஸ்டோன் என்னும் நீதிபதியிடம் அம்மையார் தம் கவலையைக் கூற, வரிவிதிக்கும் அதிகாரமே வழியென அவர் குறிப்பாற் காட்டினாராம்.

மற்றொரு பெரும்பிணக்கு, வேலையின்மை இன்ஷ்யூரன்ஸை மத்திய அரசு நடத்துவதா, மாகாணங்கள் நடத்துவதா என்பது. காலம் நெருங்கவே, அம்மையார் அங்கத்தினரைத் தம் இல்லத்திற்கு வரவழைத்துத் தொலைபேசித் தொடர்பை நீக்கி, நள்ளிரவிற்குப் பின்னும் இருத்தி முடிவு காணச் செய்தார். இரு சாராரும் பங்குகொள்ளும் முறையே ஏற்கப்பட்டது.

1935-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 14-ம் தேதி சமூகப் பாதுகாப்புச் சட்டம் கையொப்பமாயிற்று. தொழிலாளியும் முதலாளியும் கூலியில் நூற்றுக்கு ஒன்று வீதம் 1937 முதற் செலுத்த, 65 வயதானோர்க்கு ஓய்வூதியம் ஏற்பட்டது. 1940-ல் மாதந்தோறும் வழங்கலாயிற்று. ஆதரவற்ற குழந்தைகளுக்கும் பார்வையிழந்தோர்க்கும் உதவி கிடைத்தது.

எனினும், குறையை மறைத்தல் நேர்மையன்று. வயல்களிலும் பிறர் வீடுகளிலும் உழைப்போர் ஓய்வூதியத்தினின்று விலக்கப்பட்டனர். கறுப்பின மக்களிற் பெரும்பாலோர் இத்தொழில்களையே செய்தவர். குழு அவர்களையும் சேர்க்கவே கருதியிருந்தும், நிதி மந்திரி வரி வசூலித்தல் அரிதென்றார். காங்கிரஸ் சபையும் விலக்கியது. 1950-லும் 1954-லும் செய்த திருத்தங்களே அவர்களிற் பலரை உட்கொணர்ந்தன. மருத்துவ இன்ஷ்யூரன்ஸும் அன்று கைவிடப்பட்டது. பலரை இசைவித்து நடத்துவோர் எய்தும் வெற்றியின் விலை இதுவே: அவையில் தமக்கெனப் பேசுவோர் இல்லாதவரே முதலில் விலக்கப்படுகின்றனர்.

இறுதிக் காலம்

கணவர் பால் வில்சன் நெடுங்காலம் மனநோயால் வருந்த, அம்மையார் குடும்பச் சுமையையும் தாங்கினார். 1939-ல் அவரைப் பதவிநீக்க முயன்றோர் தோற்றனர். 1945 வரை பன்னிரண்டு ஆண்டுகள் மந்திரியாயிருந்து, பின்னர்க் கார்னெல் சர்வகலாசாலையில் மாணவர்க்குக் கற்பித்து, 1965 மே மாதம் 14-ம் தேதி இயற்கை எய்தினார்.

கல்லூரி மாணவராகிய நாம் இவ்வரலாற்றினின்று பெறுவது யாது? ஒரு மாணவிக்கு ஆசிரியை இட்ட ஆலைப் பயிற்சி, பின்னாளில் ஒரு நாட்டின் முதியோர்க்கு ஊன்றுகோலாயிற்று. நாமும் கண்ணால் காண்போமாக. மாறுபட்டோரோடும் அமர்ந்து பேசப் பழகுவோமாக. பேசி எழுமுன், அவைக்கு வாராதவர் எவரெனச் சுற்றிப் பார்ப்போமாக.