13 வயதில் வேலைக்குப் போன குமாஸ்தா... உலகத்தைத் தலை சொறிய வைத்த ஹென்றி டியூட்னி யார்?

1914 டிசம்பர். முதல் உலகப் போர் தொடங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. கேம்பிரிட்ஜில் தன் அறையில் கணித மேதை ராமானுஜன் அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர் பி.சி.மஹலநோபிஸ், ஸ்ட்ராண்ட் என்ற மாத இதழில் வந்த ஒரு புதிரைப் படித்துக் காட்டுகிறார்.

புதிர் இதுதான். ஒரு தெருவில் ஒரே வரிசையாக 1, 2, 3 என்று எண்ணிட்ட வீடுகள். அதில் ஒருவர் வீட்டுக்கு முன்னால் இருக்கும் எண்களைக் கூட்டினாலும், பின்னால் இருக்கும் எண்களைக் கூட்டினாலும் ஒரே விடை. மொத்த வீடுகள் 50க்கு மேல், 500க்குள். அவர் வீட்டு எண் என்ன?

சின்ன அளவில் பார்த்தால் சட்டென்று புரிந்துவிடும். 8 வீடு உள்ள தெருவில் 6ஆம் எண் வீடு. முன்னால் 1+2+3+4+5 = 15. பின்னால் 7+8 = 15. அவ்வளவுதான். கேட்ட வரம்புக்குள் ஒரே ஒரு விடைதான் உண்டு: 288 வீடுகளில் 204ஆம் எண் வீடு.

மஹலநோபிஸ் போட்டுப் பார்த்துப் பார்த்து, சில நிமிடங்களில் விடையைப் பிடித்திருந்தார். ராமானுஜனோ கிளறுவதை நிறுத்தாமலே ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். அதில் இந்த ஒரு விடை மட்டுமல்ல, இந்த மாதிரி எல்லா தெருக்களுக்குமான விடைகளும் வரிசையாக இருந்தன.

ராமானுஜன் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தக் கதை வந்துவிடும். ஆனால் புதிரைப் போட்டவர் பெயர் பெரும்பாலும் விட்டுப்போகும். அவர்தான் ஹென்றி எர்னஸ்ட் டியூட்னி.

ஆடு மேய்த்த தாத்தா

1857 ஏப்ரல் 10இல் இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பகுதியில் உள்ள மேஃபீல்டு கிராமத்தில் பிறந்தார் டியூட்னி. தாத்தா ஜான் டியூட்னி ஆடு மேய்த்தவர். மேய்ச்சலுக்கு நடுவே கணிதமும் வானியலும் தானாகப் படித்து, பிறகு லூயிஸ் என்ற ஊரில் பள்ளி ஆசிரியரானவர். அப்பாவும் கிராமத்துப் பள்ளி ஆசிரியர்தான்.

பேரனுக்குக் கல்லூரி வாய்க்கவில்லை. 13 வயதில் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. செஸ் விளையாட்டும் கணக்கும் மட்டும் விடவில்லை. சின்ன வயதிலேயே பத்திரிகைகளுக்குப் புதிர் எழுதிப் போட ஆரம்பித்தவர், பின்னாளில் ஸ்ஃபிங்ஸ் என்ற புனைபெயரில் எழுதினார். 1884இல் ஆலிஸ் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். பிறகு பிரபல நாவலாசிரியையானவர் அவர்.

திருடு போன புதிர்கள்

அதே காலத்தில் அமெரிக்காவில் புதிர் உலகின் ராஜா சாம் லாய்ட். 1890களில் டிட்-பிட்ஸ் என்ற ஆங்கில இதழில் இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். கடிதத்தில் புதிர்களைப் பரிமாறிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் டியூட்னிக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. அவர் அனுப்பிய புதிர்கள் அமெரிக்காவில் லாய்ட் பெயரில் வந்துகொண்டிருந்தன.

லாய்டுக்கு இது புதிதுமல்ல. நம் வீடுகளிலும் சின்ன வயதில் கிடந்த, 15 கட்டைகளை நகர்த்தி வரிசைப்படுத்தும் அந்தப் பெட்டியைத் தானே கண்டுபிடித்ததாகக் கடைசி வரை சொல்லிக்கொண்டார். உண்மையில் அது நியூயார்க் மாகாணத்தின் கனஸ்டோட்டா என்ற சிற்றூரின் போஸ்ட்மாஸ்டர் நாய்ஸ் சாப்மன் உருவாக்கியது.

டியூட்னிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அப்பா கொதித்ததைப் பார்த்துப் பயந்துபோன மகளுக்கு, சாம் லாய்ட் என்றாலே சாத்தான் என்று மனதில் பதிந்துவிட்டதாம். கையில் பட்டம் இல்லை, பதவி இல்லை. தான் யோசித்த புதிர் தன்னுடையது என்ற பெயர் ஒன்றுதான் அந்த மனுஷனுக்கு இருந்த சொத்து. அதையும் ஒருவர் எடுத்துக்கொண்டால் எப்படி இருக்கும்?

நாலு துண்டு ரகசியம்

ஆனால் கதையில் ஒரு திருப்பம் இருக்கிறது. டியூட்னியின் பெயர் இன்றும் நிலைத்திருப்பதற்கு முக்கியக் காரணம் 1902இல் வீக்லி டிஸ்பாட்ச் இதழில் அவர் போட்ட ஒரு புதிர். துணிக்கடைக்காரர் புதிர் என்று பின்னால் பெயர் வந்தது. ஒரு சமபக்க முக்கோணத்தை வெட்டி, துண்டுகளைச் சேர்த்துச் சதுரமாக்க வேண்டும். எவ்வளவு குறைவான துண்டுகளில் முடியும்?

இரண்டு வாரத்தில் விடைகள் குவிந்தன. பெரும்பாலானவர்கள் ஐந்து துண்டில் செய்திருந்தார்கள். நான்கே துண்டில் செய்தவர் மான்செஸ்டரைச் சேர்ந்த மெக்கெல்ராய் என்ற வாசகர் ஒருவர்தான். புதிரைப் போடும்போதே டியூட்னிக்கு நாலு துண்டு விடை தெரியுமா, இல்லை அந்த வாசகரிடமிருந்துதான் தெரிந்துகொண்டாரா? இதில் இன்னும் சந்தேகம் தீரவில்லை.

1905இல் டியூட்னி அதை லண்டன் ராயல் சொசைட்டியில் செய்தே காட்டினார். மஹாகனி மரத்தில் நான்கு துண்டு, அவற்றை இணைக்கப் பித்தளைக் கீல். சங்கிலி மாதிரி தொங்கும் அதை ஒரு பக்கம் மடக்கினால் முக்கோணம், மறுபக்கம் மடக்கினால் சதுரம். அறிஞர்கள் கூடும் சபையில் பள்ளியைத் தாண்டாத ஒருவர் இதைக் காட்டிய காட்சியை நினைத்துப் பார்த்தால் செம!

இன்னும் பணம் அனுப்பு

1907இல் கேன்டர்பரி புதிர்கள், 1917இல் 430 புதிர்கள் கொண்ட இன்னொரு தொகுப்பு என்று புத்தகங்கள் வந்தன. 1910 முதல் ஸ்ட்ராண்டில் மாதாமாதம் எழுதினார். 1924 ஜூலையில் வந்ததுதான் இன்றும் வேலைக்கான நேர்காணலில் கேட்கிறார்களே, அந்தப் புதிர்: செண்ட் + மோர் = மணி. ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு இலக்கம். ஒரே எழுத்துக்கு ஒரே இலக்கம், வேறு எழுத்துக்கு வேறு இலக்கம். கூட்டல் சரியாக வர வேண்டும்.

எழுத்தை வைத்துக் கணக்குப் போடும் வகை அவருக்கு முன்பே இருந்தது. அவர் செய்த வேலை, கணக்கே ஒரு வாக்கியமாகப் பேசுகிற மாதிரி அமைத்தது. தொடங்குவதற்கு ஒரு துப்பு: இரண்டு நாலிலக்க எண்களைக் கூட்டினால் 20 ஆயிரத்தைத் தாண்டாது. அதனால் விடையின் முதல் எழுத்தான எம், 1 ஆகத்தான் இருக்க முடியும்.

1930 ஏப்ரலில் தொண்டைப் புற்றுநோயால் லூயிஸில் இறந்தார் டியூட்னி. தாத்தா ஆசிரியராக இருந்த அதே ஊர். மிச்சமிருந்த புதிர்களைத் தொகுத்து வெளியிட மனைவி ஆலிஸ் உதவினார்.

முக்கோணப் புதிருக்கு மட்டும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. மூன்று துண்டில் முடியாதா? 2024 டிசம்பரில்தான் எரிக் டிமெய்ன், டோனன் கமாடா, ரியூஹெய் உஎஹாரா ஆகிய மூவர், துண்டுகளைப் புரட்டிப் போடாமல் மூன்றில் முடியவே முடியாது என்று நிரூபித்தார்கள். 122 வருஷம்! அந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் டியூட்னி பெயர் இருக்கிறது. மெக்கெல்ராய் பெயர் இல்லை.

செண்ட், மோர், மணி போட்டுப் பார்த்தவர்களுக்கு விடை: 9567 + 1085 = 10652.