நோட்டீசில் பேர் இருந்தா போதும், கொட்டகை நிறையும்! வில்லுப்பாட்டில் இருந்து சினிமாவுக்கு வந்த கலைவாணர்

குத்துக்கல்வலசை:

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசைக்கு இப்போது சினிமா விளம்பரம் செல்போனிலேயே வந்து விடுகிறது. அந்தக் காலத்தில் அப்படி இல்லை. மாட்டு வண்டியில் தட்டி கட்டி, கொட்டு அடித்து, தெருத்தெருவாக நோட்டீஸ் வீசுவார்கள். பாட்டுப் புஸ்தகத்தில் பாதிக் கதையை சொல்லிவிட்டு, மிச்சத்தை கொட்டகையில் வந்து பார்க்கச் சொல்வார்கள்.

அந்த நோட்டீசில் என்.எஸ்.கிருஷ்ணன்-டி.ஏ.மதுரம் பேர் இருந்தால் போதும், கூட்டம் அள்ளும்.

1908 நவம்பர் 29-ந்தேதி நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவர் கிருஷ்ணன். ஏழைக் குடும்பம். நாடகக் கொட்டகையில் சோடா விற்ற பையன், நம்ம பக்கத்து கோவில் கொடையில் கேட்கிற அதே வில்லுப்பாட்டைப் பாடித்தான் மேடை ஏறினார். பிறகு டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக் குழு. 1936-ல் வந்த சதிலீலாவதியில் எம்.ஜி.ஆரோடு நடித்தார். காமெடி காட்சிகளை அவரே தனியாக எழுதி, படத்தில் சேர்த்து விடுவார்.

ஜெயில் வாசம்

1944 டிசம்பரில் எல்லாம் தலைகீழானது. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரோடு கைதானார். ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், அப்பீலை ஐகோர்ட்டு மறுபடியும் விசாரித்தது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை ஆனார்கள்.

கணவர் உள்ளே இருந்தபோது மதுரம் துவண்டு போகவில்லை. எஸ்.வி.சகஸ்ரநாமம் துணையோடு நாடகக் குழுவை நடத்தினார். பைத்தியக்காரன் படத்தையும் தொடங்கினார். வெளியே வந்த கிருஷ்ணனுக்கு அதில் காட்சிகள் சேர்க்கப்பட்டன.

1948-ல் ஜெமினி வாசனின் சந்திரலேகா வந்தது. நாடு முழுக்க அதுவரை யாரும் பார்க்காத விளம்பரம். அந்தப் படத்திலும் இந்த ஜோடி உண்டு.

ஜெயிலுக்குப் பின் பாகவதர் படங்கள் ஓடவில்லை. கிருஷ்ணன் மட்டும் எழுந்து நின்றார். நல்லதம்பி (1949), மணமகள் (1951), பணம் (1952) என வரிசையாகப் படம் எடுத்தார். மணமகளையும் பணத்தையும் அவரே இயக்கினார். படிப்பின் அருமையைச் சொன்ன கிந்தனார் காலட்சேபம் இசைத்தட்டிலும் ஊர் ஊராகப் போனது.

சம்பாதித்ததை எல்லாம் கேட்டவருக்கு வாரிக் கொடுத்தார். கையில் காசு இல்லாமல்தான் 1957 ஆகஸ்டு 30-ந்தேதி 48 வயதில் கண் மூடினார்.

நோட்டீசில் பேர் போட்டு எத்தனையோ முதலாளிகள் பணம் பார்த்தார்கள். பேருக்கு சொந்தக்காரர் தனக்கென்று எதையும் வைத்துக் கொள்ளவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.