ஸ்கேன் படத்துக்குள் ஒரு நெல்லைப் பெயர்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி மருத்துவர்களுக்கு வேலை கூடிவிடும். பாசி படிந்த பாறையில் கால் வழுக்கி விழுபவர்கள் எல்லாப் பருவத்திலும் உண்டு. தலையில் அடிபட்டு, வாந்தியும் மயக்கமுமாக வருபவருக்கு மருத்துவர் முதலில் எழுதித் தரும் சீட்டு பெரும்பாலும் சி.டி. ஸ்கேனுக்கானதுதான். மண்டையோட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். 60 ஆண்டுகளுக்கு முன்னால் உலகின் எந்தப் பெரிய மருத்துவமனையிலும் இப்படிப் பார்க்க வழியில்லை. எக்ஸ் கதிர்ப் படத்தில் எலும்பின் நிழல் விழும். அதற்குள்ளிருக்கும் மூளை தெரியாது.

நிழல்களிலிருந்து உட்புறத்தைக் கட்டியெழுப்பும் கணக்கு முறை ஒன்றுக்கு உலகெங்கும் பொறியியல் பாடநூல்களில் ராம்-லாக் வடிகட்டி என்று பெயர். பெயரைக் கேட்டால் ஏதோ அமெரிக்க நிறுவனம் போலத் தோன்றும். லாக் என்பது ஏ.வி. லட்சுமிநாராயணன். ராம் என்பது அவருடைய ஆசிரியர் ஜி.என். ராமச்சந்திரன்.

ராமச்சந்திரனின் பெயருக்கு முன்னால் உள்ள ஜி என்ற எழுத்து கோபாலசமுத்திரத்தைக் குறிக்கிறது. தென்காசி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முந்தைய பழைய திருநெல்வேலி மாவட்டத்தில், குற்றாலத்தில் விழும் சிற்றாறு போய்ச் சேருகிற தாமிரவருணியின் பாசனப் பகுதியில் உள்ள ஊர் அது. ஆனால் அவர் பிறந்தது எர்ணாகுளத்தில், 1922 அக்டோபர் 8-ஆம் நாள். தந்தை நாராயண ஐயர் அங்கே மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனாலும் ஊர்ப் பெயரைத் தலையெழுத்தாகச் சுமந்து செல்வது அந்தக் காலத்து நெல்லைக் குடும்பங்களின் வழக்கம்.

திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் முடித்துவிட்டு, 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அவர் சேர்ந்தது மின்பொறியியல் துறையில். அங்கே இயற்பியல் துறைக்குத் தலைவராக இருந்தவர் சர் சி.வி. ராமன். மின்பொறியியலுக்கு இந்தப் பையன் தேவைக்கு மிஞ்சிய புத்திசாலி என்று சொல்லி ராமன் அவரைத் தம் துறைக்கு மாற்றிக்கொண்டதாக ஒரு கதை உண்டு. பொறியாளர்களுக்குப் பிடிக்காத கதை இது. ஆனாலும் ராமச்சந்திரனிடம் பொறியாளரின் மனம் கடைசிவரை இருந்தது என்றே எனக்குப் படுகிறது. எந்தக் கேள்வியையும் கணக்குப் போட்டு முடிக்கக்கூடிய அளவுக்குக் குறுக்கிக்கொள்ளும் மனம் அது.

ராமனிடம் ஆய்வு முடித்து, கேம்பிரிட்ஜ் சென்று 1949-இல் இரண்டாவது முனைவர் பட்டமும் பெற்றுத் திரும்பினார். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் துறையொன்றைத் தொடங்கியபோது, துணைவேந்தர் லட்சுமணசுவாமி முதலியார் ராமனின் பரிந்துரையை ஏற்று அவரைத் தலைவராக்கினார். அப்போது அவருக்கு வயது 30 கூட நிரம்பவில்லை. இன்றைய நியமன விதிகளின்படி அவர் விண்ணப்பமே போட்டிருக்க முடியாது.

சென்னைக்கு வந்திருந்த ஆங்கிலேய விஞ்ஞானி பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று அவரிடம் கூறினார். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கும் புரதம் அது. அருகிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது வசதியாயிற்று. ஆஸ்திரேலியக் கங்காருவின் வால் தசைநாண் வரை சோதித்துப் பார்த்து, மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட கயிறுதான் கொலாஜன் என்று ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-55-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள்.

கேம்பிரிட்ஜிலிருந்து மறுப்பு வந்தது. எழுதியவர்களில் ஒருவர் டி.என்.ஏ. புகழ் கிரிக். சென்னை மாதிரியில் சில அணுக்கள் இருக்க முடியாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்பது குற்றச்சாட்டு. வேறொருவராக இருந்தால் பதிலுக்குப் பதில் எழுதி ஓய்ந்திருப்பார். இவரோ, அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வியையே எடுத்துக்கொண்டார். வெளியாகியிருந்த படிக அளவீடுகளை எல்லாம் திரட்டி, ராமகிருஷ்ணன், சசிசேகரன் என்ற இரு மாணவர்களுடன் மேசைக் கணக்குப் பொறிகளில் கணக்கிட்டார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு கோணங்களில் திரும்பலாம். அவற்றில் எந்தக் கோணங்கள் இயலும், எவை இயலா என்று ஒரே சதுர வரைபடத்தில் காட்டிவிட்டார். 1963-இல் வெளியான அந்த ராமச்சந்திரன் வரைபடம் இல்லாமல் இன்று உயிர்வேதியியல் பாடநூல் கிடையாது.

1969-இல் முதலியார் ஓய்வுபெற்ற பிறகு பல்கலைக்கழகச் சூழல் அவருக்கு ஒத்துவரவில்லை. 1970-இல் சென்னையைவிட்டு வெளியேறினார். பெங்களூரில் சதீஷ் தவான் அழைத்து, மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை அமைத்துக் கொடுத்தார். சிகாகோ பல்கலைக்கழகத்துக்கும் போய்வந்துகொண்டிருந்தார். இந்த இடமாற்றத்துக்கு நடுவில்தான் ஸ்கேன் கணக்கு பிறந்தது.

அவர் முன்னால் இருந்த கேள்வி இதுதான். உடலின் வழியே செல்லும் எக்ஸ் கதிர் ஒரு கோட்டிலுள்ள தடைகளின் மொத்தத்தை மட்டுமே சொல்லும். பொருளாதார வகுப்பில் நாங்கள் போடும் அட்டவணையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் எண்களை எல்லாம் அழித்துவிட்டு, வரிசைகளின் கூட்டுத்தொகையையும் பத்திகளின் கூட்டுத்தொகையையும் மட்டும் கொடுத்து, உள்ளே இருந்தவற்றைக் கண்டுபிடி என்றால் முடியாது. குறுக்காகவும் சாய்வாகவும் எல்லாத் திசைகளிலும் கூட்டுத்தொகை கிடைத்தால்? முடியும் என்று ராடோன் என்ற ஆஸ்திரியக் கணிதர் 1917-லேயே நிறுவியிருந்தார். ஆனால் முடியும் என்று நிறுவுவது வேறு, ஒரு நோயாளி காத்திருக்கும் நேரத்துக்குள் செய்து முடிப்பது வேறு.

எளிய வழி, ஒவ்வொரு கூட்டுத்தொகையையும் அது வந்த பாதை நெடுகத் திரும்பப் பூசுவது. அப்படிச் செய்தால் படம் வரும்; ஆனால் ஒவ்வொரு புள்ளியும் ஈரச்சுவரில் வைத்த மைபோல ஊறிப் பரவியிருக்கும். ஃபூரியே உருமாற்றம் என்ற கணித முறையால் இதைத் தவிர்க்கலாம். மின் நுண்ணோக்கிப் படங்களில் 1968-இல் டி ரோசியரும் க்ளூகும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். அக்காலக் கணினிகளுக்கு அது பெரும் பாரம்.

ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் பூசுவதற்கு முன்பே கூட்டுத்தொகைகளைச் சரிசெய்துவிட்டார்கள். ஓர் இடத்தின் மதிப்பை 1 என்று வைத்துக்கொண்டால், அதற்கு இருபுறமும் உள்ள அண்டை இடங்களின் மதிப்பில் ஏறக்குறைய 0.4 பங்கைக் கழிக்க வேண்டும். அதற்கடுத்த இடங்களை விட்டுவிட வேண்டும். மூன்றாவது இடங்களில் ஏறக்குறைய 0.045 பங்கைக் கழிக்க வேண்டும். இப்படி ஒன்று விட்டு ஒன்றாக, தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைந்துகொண்டே போகும். கழிப்பவை எல்லாம் சேர்ந்து நடுவில் உள்ள 1-க்குச் சமமாகிவிடும். ஊறிப் பரவும் மை அங்கேயே ரத்தாகிவிடுகிறது. பெருக்கலும் கூட்டலும் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு திசையின் அளவீடு வந்ததும் அதைக் கணக்கிட்டு முடித்துவிடலாம். மற்றவற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்க தேசிய அறிவியல் கழக இதழில் 1971-இல் வெளியான அந்தக் கட்டுரை ஐந்தே பக்கம்.

அதே 1971 அக்டோபர் 1-ஆம் நாள், லண்டன் விம்பிள்டனில் ஒரு பெண்ணின் தலையை காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரம் முதன்முதலாகப் படமெடுத்தது. பல்கலைக்கழகப் பட்டம் பெறாத பொறியாளர் அவர். வணிக நிறுவனங்கள் கணக்குப் பார்க்கப் பயன்படுத்திய, முழுதும் டிரான்சிஸ்டரால் ஆன எமிடெக் கணினியை அதற்கு முன்பே உருவாக்கியவர். இசைத்தட்டு விற்ற இ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலை பார்த்தார். பீட்டில்ஸ் பாட்டு விற்ற பணத்தில் ஸ்கேனர் பிறந்தது என்று ஒரு ரசமான கதை உலவுகிறது. உண்மையில் ஆராய்ச்சிச் செலவில் பெரும்பங்கு பிரிட்டன் அரசின் சுகாதாரத் துறையுடையது.

ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு ராமச்சந்திரன் கட்டுரை தெரியாது, தேவைப்படவும் இல்லை. மதிப்புகளை ஊகித்து, திரும்பத் திரும்பத் திருத்தும் வேறொரு முறையைத்தான் அவர் முதலில் பயன்படுத்தினார். வேகம் முக்கியமானபோது சில ஆண்டுகளில் உற்பத்தியாளர்கள் பெங்களூர்க் கட்டுரையின் வழிக்கு மாறினார்கள். அதன் பிறகு ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஸ்கேன் கணக்கின் அடித்தளம் அதுவாகவே இருந்தது. கணினிகள் மிகவும் வேகம் பெற்றுவிட்ட இப்போது பழைய திருத்தல் முறை புது வடிவில் திரும்பி வந்திருக்கிறது.

1979-இல் மருத்துவ நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மக்குக்கும் கிடைத்தது. நம்மவர் ஏமாற்றப்பட்டார் என்று மேடைகளில் பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. கார்மக் 1963-லேயே எழுதிவிட்டார். இதே வகைக் கணக்கை 1967-இல் வானொலி வானியலில் பிரேஸ்வெல்லும் ரிடிலும் கையாண்டிருந்தார்கள். யாரும் யாரிடமும் திருடவில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு.

அந்த ஆண்டுகளில் கணக்கு முறை பெங்களூரில் இருந்தது. ஐதராபாதில் இந்திய மின்னணுக் கழகம் டி.டி.சி. 12 என்ற சிறு கணினியை உருவாக்கிக்கொண்டிருந்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1934 முதல் இயங்கும் பார்னார்டு கதிரியக்க நிலையம் இருந்தது. மூன்றும் ஒருநாள் ரயில் பயணத் தொலைவுக்குள். இம்மூன்றையும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைப்பதை வேலையாகக் கொண்ட ஒருவரோ ஒரு நிறுவனமோ நம்மிடம் இல்லை. அறிவு பொதுச் சொத்து, ஒருவர் எடுத்தால் இன்னொருவருக்குக் குறையாது என்று நாங்கள் பாடம் நடத்துவோம். எடுத்துப் பயன்படுத்தும் திறனுக்குச் செலவு உண்டு என்பதை ஏனோ அந்தப் பாடத்தில் அழுத்திச் சொல்வதில்லை.

கண்டுபிடித்த நாட்டுக்கே இது பொருந்தியது. இ.எம்.ஐ. நிறுவனத்திடம் காப்புரிமை இருந்தது, இயந்திரம் இருந்தது, ஹவுன்ஸ்ஃபீல்டும் இருந்தார். ஆனால் மருத்துவமனைகளுக்கு விற்று, பழுதுபார்த்து, ஆட்களைப் பயிற்றுவிக்கும் அமைப்பு அமெரிக்க, ஜெர்மானிய நிறுவனங்களிடம்தான் இருந்தது. பத்தாண்டு முடிவதற்குள் சந்தை கைமாறியது. புத்தாக்கத்தின் லாபம் யாருக்குப் போகிறது என்று டேவிட் டீஸ் 1986-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்கு இதுவே புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அதனால், கட்டுரைக்குப் பதில் காப்புரிமை வாங்கியிருந்தால் நாம் செழித்திருப்போம் என்ற வாதமும் நிற்காது.

லட்சுமிநாராயணன் பின்னர் அமெரிக்காவில், 1975-இல், விசிறிபோல விரியும் கதிர்களுக்கும் கணக்கை விரிவாக்கினார். அடுத்த தலைமுறை இயந்திரங்களுக்கு அதுவே தேவைப்பட்டது. ராமச்சந்திரன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. 1977-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். பிறகு தர்க்கவியல் கணிதத்தில் மூழ்கினார். முதுமையில் பக்கவாதமும் பார்க்கின்சன் நோயும் வருத்தின. 1998-இல் மனைவி ராஜம் மறைந்தார். மறு ஆண்டு படிகவியலின் உயரிய விருதான எவால்ட் பரிசு வந்தது. 2001 ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையில் காலமானார்.

அந்த ஐந்து பக்கங்களையும் இன்று இணையத்தில் காசு கொடுக்காமல் படிக்கலாம். தென்காசியில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் மாணவி ஒருத்தி, ஒன்பது கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணையைப் போட்டு, நான்கு திசைக் கூட்டுத்தொகைகளை எடுத்து, மேலே சொன்ன எண்களைக் கொண்டு காகிதத்திலேயே செய்து பார்க்க முடியும். துல்லியமாக வராது, திசைகள் போதாது. ஆனால் மை ஊறுவது குறைவதைக் கண்ணால் பார்க்கலாம்.