உதைக்கிறதுக்குனு தனியா ஒரு ஆளா? ‘தி டோ’ லூ க்ரோஸா யார்?

பேருதான் அமெரிக்க ஃபுட்பால். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதும் முட்டி மோதுவதும்தான் ஆட்டத்தில் அதிகம். ஆனா, உதைக்க மட்டும் இன்று ஒவ்வொரு டீமிலும் தனியாக ஒருவர் இருக்கிறார். அவர்தான் கிக்கர். இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் 3 பாயின்ட். இதற்குப் பெயர் ஃபீல்டு கோல்.

1940-களில் டீமுக்கே முப்பத்துச் சொச்சம் பேர்தான். அதில் ஒரு இடத்தை உதைக்கிறவருக்குக் கொடுப்பதெல்லாம் ஆடம்பரம். வேறு வேலை பார்க்கிற யாராவது ஒருவர் இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். லூ க்ரோஸாவும் அப்படி வந்தவர்தான்.

1924-ல் ஒஹையோ மாநிலத்தின் மார்ட்டின்ஸ் ஃபெர்ரியில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தார். ஒகினாவாவில் இருந்தவருக்கு கோச் பால் பிரவுன் ஒப்பந்தத்தோடு பந்துகளையும் அனுப்பிவைத்தார். பிராக்டிஸ் விட்டுப்போகக் கூடாதாம்! 1946-ல் புதிதாகத் தொடங்கிய கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் டீமில் சேர்ந்தார்.

அங்கே அவருடைய மெயின் வேலை ‘டேக்கிள்’. எதிரணியினரை உடம்பால் தடுத்து நிறுத்துகிற, அடிவாங்குகிற வேலை. அதைப் பார்த்துக்கொண்டே உதைக்கவும் செய்தார். சதுர முனை ஷூ போட்டு, நேராக ஓடிவந்து கால்விரலால் உதைப்பார். அதனால்தான் ‘தி டோ’ என்ற பட்டப்பெயர். குறி தப்பாமல் இருக்க, தரையில் டேப் ஒட்டிக் கோடு பிடித்துக்கொள்வார். பிறகு 1956-ல், இப்படிப்பட்ட உபகரணங்களுக்கே என்.எஃப்.எல். தடை போட்டுவிட்டது.

சின்ன லீக்கிலிருந்து வந்த டீம் என்று பிரவுன்ஸை என்.எஃப்.எல். வட்டாரம் பெரிதாக மதிக்கவில்லை. அங்கே நுழைந்த முதல் வருஷமே, 1950 டிசம்பர் 24-ல் ஃபைனல். எதிரே லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ். கடும் குளிர், காற்று. முன்னதாக ஒரு கூடுதல் பாயின்ட் முயற்சி, பந்தை நிறுத்துவதில் நடந்த சொதப்பலால் வீணாகியிருந்தது. இப்போ 27-28, ஒரே பாயின்ட் பின்னடைவு! அரை நிமிஷம்கூட இல்லை. க்ரோஸா வந்து 16 யார்டு தூரத்திலிருந்து உதைத்தார். 30-28, பிரவுன்ஸ் சாம்பியன்.

1953-ல் 26 முயற்சிகளில் 23 கோல். அந்தக் காலத்தில் பாதி உள்ளே போனாலே பெரிய விஷயம்!

1960-ல் முதுகுக் காயம். அந்த சீசன் முழுக்க ஆடவில்லை. டேக்கிளாக இனி முடியாது. 36 வயசு வேற. பொதுவாக இத்தோடு கதை முடிந்திருக்கும். ஆனா, 1961-ல் உதைக்க மட்டும் திரும்பக் கூப்பிட்டார்கள். ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்த வேலையே முழுநேர வேலையாகி, இன்னும் 7 சீசன் ஓடியது! 1964 ஃபைனலில் பால்டிமோர் கோல்ட்ஸுக்கு எதிராக இரு அணிகளும் பாதி ஆட்டம் வரை பூஜ்ஜியம். முட்டுக்கட்டையை உடைத்தது 40 வயது க்ரோஸாவின் 43 யார்டு உதை. பிரவுன்ஸ் 27-0 என ஜெயித்தது.

1967 சீசனோடு முடித்துக்கொண்டார். 21 சீசன், 1,608 பாயின்ட். 1974-ல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம். அவர் ஆடிக்கொண்டிருந்தபோதே, 1964-ல், ஹங்கேரியில் பிறந்த பீட் கோகோலாக் வேறு ஸ்டைலோடு வந்துவிட்டார். சாக்கர் மாதிரி பக்கவாட்டில் வந்து, பாதத்தின் மேல்புறத்தால் உதைப்பது. நேராக ஓடிவந்து உதைத்த கடைசி முழுநேர கிக்கரான மார்க் மோஸ்லி 1986-ல் ஆட்டத்தை விட்டார்.

சிறந்த கல்லூரி கிக்கருக்கு 1992 முதல் க்ரோஸா பெயரில் விருது தருகிறார்கள். 2000 நவம்பர் 29-ல் இறந்தபோது அவருக்கு வயது 76. அவர் போட்டிருந்த ஜெர்சி நம்பரும் 76. அதை பிரவுன்ஸ் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை.