மூன்று முறை நின்றுபோன பேச்சு: ஸ்ரீவைகுண்டம் குமரகுருபரர் காசியில் மடம் அமைத்தது எப்படி?

வேலைக்காக ஊர் மாறியவர்களுக்கு இது பழகிய விஷயம்தான். புது ஆபீஸ், புது மொழி, மீட்டிங்கில் எல்லோரும் பேசுகிறார்கள். நமக்கு மட்டும் வாய் திறக்க வராது. பேசாமல் ஊருக்கே திரும்பிவிடலாமா என்று தோன்றும். 17-ம் நூற்றாண்டில் தாமிரபரணிக் கரையில் பிறந்த ஒருவருக்கு வாழ்க்கையில் மூன்று முறை பேச்சு நின்றுபோனது. மூன்று முறையும் அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

யார் இந்தக் குமரகுருபரர்?

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரயில் பாதையில் இருக்கிறது ஸ்ரீவைகுண்டம். நவதிருப்பதியில் ஒன்று, நவகயிலாயத்தில் ஒன்று என இரண்டு பெரிய கோயில்கள் உள்ள ஊர். இங்கே சண்முகசிகாமணிக் கவிராயர், சிவகாமசுந்தரி அம்மை தம்பதிக்குப் பிறந்தவர் குமரகுருபரர். அப்பா பெயரிலேயே கவிராயர் இருக்கிறது. ஆனால், மகன் ஐந்து வயது வரை ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

முதல் மௌனம்: திருச்செந்தூர்

பெற்றோர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் போய்த் தங்கினார்கள். ஒரு மண்டலம் விரதம். அதன் முடிவில் சிறுவன் பேசினான், பேசியதோடு கந்தர் கலிவெண்பாவையும் பாடினான் என்கிறது அவருடைய வரலாறு. முருக பக்தர்கள் இன்றும் பாராயணம் செய்யும் நூல் அது.

ஐந்து வயதுப் பிள்ளை சைவ சித்தாந்தம் செறிந்த ஒரு நூலைப் பாடியதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். இந்தக் கதையைப் பார்த்து யாரும் ஐந்து வயது வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழந்தைக்குப் பேச்சு தாமதமானால் இன்று முதலில் போக வேண்டிய இடம் டாக்டரிடம்தான். அந்தக் காலத்துப் பெற்றோருக்கு அந்த வழி இல்லை. இருந்த ஒரே வழியில் மகனோடு உட்கார்ந்திருந்தார்கள்.

மதுரையில் கிடைத்த புகழ்

அதன்பிறகு கிராஃப் மேலேதான் போனது. மதுரையில் திருமலை நாயக்கர் (ஆட்சிக்காலம் 1623-1659) முன்னிலையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அரங்கேறியது. அப்போது மீனாட்சியே சிறுமி வடிவில் வந்து கவிஞருக்கு முத்துமாலை போட்டதாக ஒரு கதை மதுரையில் இன்றும் உலவுகிறது. நீதிநெறி விளக்கம், மதுரைக் கலம்பகம் என அடுத்தடுத்து நூல்கள் வந்தன. அரசரின் மதிப்பு, பெரிய சபை, இளம் வயதிலேயே பெயர். அங்கேயே இருந்திருந்தால் வாழ்க்கை சுகமாகப் போயிருக்கும். அவர் கிளம்பினார். தேடியது ஒரு குருவை.

இரண்டாவது மௌனம்: தருமபுரம்

யார் முன்னால் உன் பேச்சு நிற்கிறதோ, அவரே உன் குரு. இதுதான் அவருக்குக் கிடைத்திருந்த அடையாளம். பேச்சையே பலமாகக் கொண்ட ஒருவருக்கு இதைவிடச் சங்கடமான அடையாளம் இருக்க முடியாது.

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கும் தருமபுரம் ஆதீனத்துக்கு வந்தார். அப்போது அங்கே நான்காவது குருமகா சந்நிதானமாக இருந்தவர் மாசிலாமணி தேசிகர். அவர் பெரியபுராணத்திலிருந்து ஒரு பாடலைச் சொல்லி விளக்கம் கேட்டார். தில்லையில் நடராஜரைப் பார்த்த சுந்தரர், மற்ற புலன்கள் எல்லாம் அடங்கி, பார்வை ஒன்றாகவே ஆகிவிட்ட நிலையைச் சொல்லும் பாடல் அது.

கவிராயர் வீட்டுப் பிள்ளைக்குப் பதவுரை சொல்வது ஒரு பெரிய விஷயமே இல்லை. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால், கேட்கப்பட்டது அகராதி அர்த்தம் அல்ல. அந்த அனுபவம் உனக்கு இருக்கிறதா என்பது. குமரகுருபரரால் பதில் சொல்ல முடியவில்லை. அரசர் சபையில் மாலை வாங்கியவர், மடத்தில் வாயடைத்து நின்றார். நின்றவர் அப்படியே வணங்கி, சீடராக ஏற்றுக்கொள்ளச் சொன்னார்.

குரு உடனே ஏற்கவில்லை. காசிக்குப் போய் வரச் சொன்னார். குமரகுருபரர் தயங்கினார். போய்வர ரொம்ப நாளாகுமே, குருவைப் பிரிய வேண்டுமே என்ற வருத்தம். சரி, முதலில் சிதம்பரத்தில் கொஞ்ச காலம் இரு என்று வழிவிட்டார் தேசிகர். அவரும் நம்மைப் போலத் தயங்கியவர்தான் என்பதை இந்த இடம் காட்டுகிறது.

அந்தப் பயணமும் வீணாகவில்லை. போகும் வழியில் வைத்தீஸ்வரன்கோயில் முருகன்மேல் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழ் பாடினார். சிதம்பரத்தில் மும்மணிக்கோவையும், செய்யுள் இலக்கணத்துக்கு உதாரணமாகவே அமைந்த சிதம்பரச் செய்யுட்கோவையும் பிறந்தன. பிறகு தருமபுரம் திரும்பித் துறவு பெற்று, குரு முதலில் சொன்ன காசிக்கே கிளம்பினார்.

மூன்றாவது மௌனம்: காசி

காசியில் இந்தப் பெரும் புலவரின் தமிழ் யாருக்கும் புரியாது. அங்கே ஒரு மடம் அமைக்க இடம் வேண்டும். இடம் தர வேண்டியவர் முகலாய ஆட்சியாளர். பேச வேண்டியது ஹிந்துஸ்தானி. பிள்ளைத்தமிழ் பாடிய நாக்குக்கு அங்கே ஒரு சாதாரண வாக்கியம்கூட வராது.

அப்போது அவர் பாடியதுதான் சகலகலாவல்லி மாலை. கலைமகளிடம் கல்வியையும் சொல்வன்மையையும் கேட்கும் பத்துப் பாடல்கள். பாடியதும் ஹிந்துஸ்தானி கைவந்தது என்கிறது மரபு. அற்புதத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் விஷயம் சின்னதாகிவிடாது. எத்தனையோ நூல்கள் பாடிய ஒருவர், எனக்கு இது தெரியாது, கற்றுக்கொடு என்று ஆரம்பப் பாடத்திலிருந்து தொடங்கியிருக்கிறார்.

அவர் சந்தித்த ஆட்சியாளர் யார்? தில்லி பாதுஷா என்று பொதுவாகச் சொல்வார்கள். ஷாஜகானின் மூத்த மகன் தாரா ஷூகோ என்று கருதுபவர்களும் உண்டு. காசிப் பண்டிதர்களின் துணையோடு உபநிடதங்களை 1657-ல் பாரசீகத்துக்குக் கொண்டுபோனவர் தாரா. குமரகுருபரர் சிங்கத்தின்மேல் ஏறி அவைக்குப் போனதாகவும் கதை இருக்கிறது. கதை எப்படி இருந்தாலும், கங்கைக் கரையில் கேதார கட்டத்தில் இடம் கிடைத்தது. குமாரசாமி மடம் எழுந்தது.

ஒரு சின்ன ஃபேக்ட் செக்

காசியில் அவர் கம்பராமாயணத்தை ஹிந்துஸ்தானியில் சொற்பொழிவாகச் சொன்னார், அதைத் துளசிதாசர் கேட்டார் என்று ஒரு தகவல் அடிக்கடி ஃபார்வர்ட் ஆகும். துளசிதாசர் மறைந்தது 1623-ல். திருமலை நாயக்கர் பட்டத்துக்கு வந்ததே அந்த ஆண்டில்தான். மதுரை அரங்கேற்றத்துக்கும் பிறகு காசிக்குப் போன குமரகுருபரரை அவர் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை.

என்ன மிச்சம்?

ஒருமுறை அவர் தருமபுரம் வந்து, காசியில் கிடைத்த பொருளைக் குருவின் முன் வைத்ததாகச் சொல்கிறார்கள். அதைக் காசியிலேயே அறப்பணிக்குச் செலவிடச் சொன்னார் குரு. குமரகுருபரர் மறுபடி வடக்கே போய், கடைசி வரை அங்கேயே வாழ்ந்தார். ஒருகாலத்தில் போகவே தயங்கிய ஊர் அது.

அவர் தொடங்கிய மடம் 18-ம் நூற்றாண்டில் தஞ்சைப் பகுதியின் திருப்பனந்தாளிலும் வேரூன்றி, காசி மடம் என்ற பெயரிலேயே இயங்குகிறது. அவருடைய நூல்களைத் தொகுத்து உ.வே.சாமிநாதையர் 1939-ல் பதிப்பித்தார். பிறந்த ஊரான ஸ்ரீவைகுண்டத்தில் அவர் பெயரில் கலைக் கல்லூரி இருக்கிறது. நவராத்திரி வந்தால் தமிழ்நாட்டு வீடுகளிலும் யாழ்ப்பாணத்துப் பள்ளிகளிலும் பிள்ளைகள் சகலகலாவல்லி மாலை பாடுகிறார்கள். மொழி தெரியாத ஊரில் தவித்த ஒருவர் கேட்ட உதவி அது என்பது அந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. சொல்லிக்கொடுக்கலாம்.