கொடுமுடிக் கோகிலம்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

மதுரையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் கோவில் திருவிழா என்றால் 'வள்ளி திருமணம்' நாடகம் இருக்கும். இரவு பத்து மணிக்குத் திரை விலகினால், கிழக்கு வெளுக்கும் வரை பாட்டும் வாதமும் ஓயாது. இன்று நடிகர்களின் முன்னே ஒலிவாங்கி தொங்குகிறது. அது இல்லாத காலத்தில் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி பாடியாக வேண்டும். அவ்வாறு பாடிப் புகழ் பெற்றவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர் கே. பி. சுந்தராம்பாள்.

மேலை நாடுகளில் ஆப்பெரா என்னும் இசை நாடகம் உண்டு. அங்கும் பாடகர் தம் குரல் வலிமை ஒன்றையே நம்பி அரங்கை நிறைக்க வேண்டும். நம் நாட்டில் அத்தகைய இசை நாடகத்தை வளர்த்த பெருமை சங்கரதாஸ் சுவாமிகளைச் சாரும். 'வள்ளி திருமணம்' அவர் படைப்பே. 1918இல் அவர் நாடக சபை கண்டதும் நம் மதுரையில்தான். அவர் வகுத்த நாடகப் பாதையில் நடந்தவர் சுந்தராம்பாள்.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908இல் அவர் பிறந்தார். வறுமை வாட்டிய குடும்பம். தாயார் பாலாம்பாள். பள்ளிப் படிப்புப் பெரிதாக வாய்க்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்காக ரயிலில் பாடிய சிறுமியின் குரலே அவரை நாடகக் கம்பெனிக்கு அழைத்துச் சென்றது என்பர். சிறுவர் வேடங்களில் தொடங்கி, விரைவிலேயே கதாநாயகியாக உயர்ந்தார். கடல் கடந்து இலங்கையிலும் அவர் புகழ் பரவியது.

கொழும்பில்தான் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். குரலுக்குக் குரல் சளைக்காத இருவரும் ஒரே மேடையில் பாடத் தொடங்கினர். 1927இல் மணம் நிகழ்ந்தது. கிட்டப்பாவோ ஏற்கெனவே மணமானவர். மேடையில் இருந்த இணக்கம் வாழ்வில் நீடிக்கவில்லை. பிரிவும் துயரும் தொடர்ந்தன. 1933 டிசம்பரில் கிட்டப்பா மறைந்தார். அவருக்கு வயது இருபத்தேழு, சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து.

அன்று உடுத்திய வெள்ளைச் சேலையை அவர் இறுதி வரை மாற்றவில்லை. மேடையையும் துறந்தார். அக்காலச் சமூகம் கைம்பெண்ணுக்கு விதித்தது அடுப்பங்கரை மூலைதானே! ஆனால் அக்குரல் மூலையில் முடங்கிவிடவில்லை. மீண்டும் பாட வந்தார். ஆண் நடிகர் எவருடனும் இணை சேர்ந்து நடிப்பதில்லை என்ற உறுதியோடு வந்தார். 1935இல் வெளியான 'பக்த நந்தனார்' படத்தில் ஆண் வேடமேற்று நந்தனாராகவே நடித்தார். பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அன்று நாடே வியந்த தொகை அது.

சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரஸ் மேடைகளில் பாடி விடுதலை உணர்வை ஊட்டினார். 1951இல் சென்னை மாநில மேலவை உறுப்பினரானார். ரயிலில் பாடிய சிறுமி சட்டமன்றப் படியேறியதை எண்ணிப் பாருங்கள்!

1953இல் ஜெமினியின் 'ஔவையார்' வந்தது. தமிழ் மூதாட்டி என்றாலே இவர் முகம் கண்முன் வரும்படி செய்துவிட்டது அப்படம். 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகளாக வந்தார். மறு ஆண்டு, நம் மதுரையின் கதையான 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் ஔவையானார். 'துணைவன்' படப் பாடலுக்குத் தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீயும் அவரைத் தேடி வந்தன. 1980இல் அக்குரல் ஓய்ந்தது.

கிட்டப்பாவின் மனைவி என்பதாலன்று, அவர் இல்லாத நாற்பத்தேழு ஆண்டுகளைத் தனித்து நின்று வென்றதாலேயே சுந்தராம்பாள் உயர்ந்தார் என்பது என் எண்ணம். துயரை அவர் மறைக்கவில்லை. வெள்ளைச் சேலையாக உடுத்திக்கொண்டார். ஆயினும் அத்துயர் தம் குரலைப் பறிக்க இடங்கொடுக்கவில்லை.

நண்பர்களே, வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் நம்மில் பலர். நமக்குப் பரிந்து பேசச் செல்வமோ செல்வாக்கோ இல்லை. சுந்தராம்பாளுக்கும் இருந்ததில்லை. கையிலிருந்த ஒன்றை அவர் கைவிடவில்லை, அவ்வளவே. அடுத்த திருவிழாவில் வள்ளியின் பாட்டு காதில் விழும்போது, ஒலிவாங்கி இல்லாமல் ஊரையே எழுப்பிய அந்தக் குரலை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.